கரண்ட் போனாலும் தரை நனையாத சம்ப்: கடல் மீன் தொட்டிக்கு வீட்டிலேயே செய்வது எப்படி

கடல் மீனும் பவளமும் வளர்க்கலாம் என்று நாலு பேரிடம் விசாரிக்க ஆரம்பித்ததுமே காதில் விழும் பெயர் சம்ப். மெட்ரோ தண்ணீர் பிடித்து வைக்கும் தரையடித் தொட்டியைச் சொல்லவில்லை. மீன் தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள் மறைந்து உட்கார்ந்திருக்கும் இரண்டாவது கண்ணாடித் தொட்டி இது. மேலே இருந்து தண்ணீர் வழிந்து குழாயில் இறங்கும், கீழே சுத்தமாகும், ஒரு மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். வேலை இவ்வளவுதான். ஸ்கிம்மர் (தண்ணீரிலிருக்கும் கழிவை நுரையாக்கி ஒரு கப்பில் பிரித்தெடுக்கும் கருவி), ஹீட்டர் என்று கண்ணை உறுத்தும் சாமான்கள் எல்லாம் கீழே போய்விடும். மொத்தத் தண்ணீரின் அளவு கூடுவதால் உப்பும் சூடும் சட்டென்று ஏறி இறங்காது. நீர்மட்டத்தின் மேல் படியும் எண்ணெய்ப் படலமும் வழிந்து போய்விடும்.

புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஸ்கிம்மர் வாங்கிவிட்டு அதற்கு ஏற்ப சம்ப்பைத் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் யோசிக்க வேண்டியது கரண்ட் கட்டைத்தான். தண்டையார்பேட்டையோ வியாசர்பாடியோ கொளத்தூரோ, மாதாந்திரப் பராமரிப்பு, மழை, டிரான்ஸ்ஃபார்மர் கோளாறு என்று ஏதோ ஒரு சாக்கில் கரண்ட் போகத்தான் போகிறது. மோட்டார் நின்ற அந்த நிமிடம் மேலிருந்து எவ்வளவு தண்ணீர் கீழே இறங்கும், அதைப் பிடித்துக்கொள்ள சம்ப்பில் இடம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. சம்ப்பைக் கண்ணாடித் தடுப்புகளால் ஸ்கிம்மர் அறை, மோட்டார் அறை என்று பிரிப்போம். தடுப்பின் உயரம், மோட்டார் அறையின் அகலம், குழாயின் வாய் எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கேள்விக்கான பதிலிலிருந்துதான் வரும்.

கணக்கு: பேப்பரும் டேப்பும் போதும்

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு முழுக்கப் போவோம். மேல் தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறக்குறைய 190 லிட்டர். முதல் தொட்டிக்கு இந்த அளவு சரியாக இருக்கும். கீழே சம்ப் 30 அங்குல நீளம், 14 அங்குல அகலம், 16 அங்குல உயரம், 6 மி.மீ. கண்ணாடி.

ஒரு கன அங்குலம் 16.4 மில்லி லிட்டர். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, அதை 16.4-ஆல் பெருக்கினால் அந்தத் தொட்டியில் ஓர் அங்குல உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று தெரிந்துவிடும். கண்ணாடித் தடிமனைக் கழித்துப் பார்த்தால், மேல் தொட்டியில் ஓர் அங்குலத்துக்கு 10 லிட்டர். சம்ப்பில் ஓர் அங்குலத்துக்கு ஆறரை லிட்டர்.

இப்போது கரண்ட் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே தண்ணீர் வழியும் விளிம்புக்கு மேல் நிற்கும் நீர் இறங்கும். தண்ணீரை மேலே கொண்டுவரும் ரிட்டர்ன் குழாயின் வாய் நீருக்குள் மூழ்கியிருந்தால், அது தலைகீழாக சைஃபன் ஆகி, அதாவது மோட்டார் இல்லாமலே தண்ணீரைக் கீழே இழுத்து, வாய் வெளியே தெரியும் வரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரண்டுமாகச் சேர்ந்து ஒன்றரை அங்குலம் என்று வைத்தால் 15 லிட்டர். வழியும் தண்ணீரை வாங்கிக் குழாய்க்கு விடும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் நிற்பது 4 லிட்டர். குழாய்களில் இருப்பது 1 லிட்டர். ஆக 20 லிட்டர் கீழே வரும்.

சம்ப்பில் ஸ்கிம்மர் அறை 9 அங்குலத்திலும் மோட்டார் அறை 7 அங்குலத்திலும் ஓடுகிறது என்றால், இறங்கும் தண்ணீர் முதலில் மோட்டார் அறையின் பள்ளத்தை நிரப்பும். அதற்கு ஐந்தரை லிட்டர் போகும். மிச்சம் பதினாலரை லிட்டர் சம்ப் முழுக்கப் பரவி இரண்டே கால் அங்குலம் ஏறும். 11 அங்குலத்தைத் தாண்டி நிற்கும். சம்ப் 16 அங்குல உயரம் என்பதால் நாலரை அங்குலத்துக்கு மேல் காலி இருக்கிறது, கவலை இல்லை. இதையே இடம் போதவில்லை என்று 12 அங்குல உயரத்தில் செய்திருந்தால், விளிம்புக்கு முக்கால் அங்குலம்தான் மிச்சம். ரிட்டர்ன் வாய் இன்னும் ஓர் அங்குலம் கீழே போயிருந்தால் ஹாலில் தண்ணீர்.

இதே கணக்கைத் தலைகீழாகவும் போட வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கரண்ட் இருக்கிறது, மோட்டார் ஓடுகிறது, ஆனால் வழியும் குழாயை ஒரு நத்தையோ பாசியோ அடைத்துவிட்டது. மோட்டார், தன் அறையில் இருக்கும் தண்ணீர் முழுவதையும் மேலே தள்ளிவிட்டுத்தான் ஓயும். நம் உதாரணத்தில் மோட்டார் அறை பன்னிரண்டரை அங்குல நீளம். ஓர் அங்குலத்துக்கு இரண்டே முக்கால் லிட்டர். 7-லிருந்து மோட்டார் காற்று இழுக்க ஆரம்பிக்கும் 3 அங்குலம் வரை 11 லிட்டர். மேல் தொட்டி ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் ஏறும். அதனால் மேல் தொட்டியில் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒன்றரை அங்குலமாவது விட்டு வைக்க வேண்டும். இரண்டு கணக்கும் சரியாக வந்தால்தான் கண்ணாடிக் கடைக்குக் கிளம்ப வேண்டும்.

அதற்கு முன் ஸ்டாண்டுக்குள் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிடுங்கள். சம்ப் உள்ளே போவது ஒரு விஷயம். ஸ்கிம்மரின் கப்பை மேலே தூக்கிக் கழற்ற இடம் இருப்பது வேறு விஷயம். வாரத்துக்கு இரண்டு முறை கழற்ற வேண்டிய சாமான் அது. ஸ்டாண்ட் கதவு வழியாக சம்ப் நுழையுமா என்றும் பாருங்கள். சில ஸ்டாண்டுகளில் மேல் தொட்டியை வைத்த பிறகு சம்ப்பை உள்ளே விடவே முடியாது.

எடையையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர், கல், கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 300 கிலோவை எளிதாகத் தொடும். காங்கிரீட் தளத்தில், சுவர் ஓரமாக வைத்தால் பயமில்லை. பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் மரக்கட்டையும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டின் மாடியில் என்றால் வேண்டாம், கீழ்த்தளத்தில் வையுங்கள். அதே நேரம் மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும் தெருவாக இருந்தால், சம்ப்பைத் தரையில் வைக்காமல் ஸ்டாண்டின் அடிப்பலகையை ஓர் அடியாவது உயர்த்தச் சொல்லுங்கள்.

கண்ணாடி வெட்டுவது

இரண்டு வழி இருக்கிறது. கொளத்தூரில் வண்ண மீன் கடைகளுக்குப் பக்கத்திலேயே தொட்டி ஒட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். 30-க்கு 14-க்கு 16 என்று சொன்னால் வெறும் தொட்டியாகச் செய்து தருவார்கள். தடுப்புகளை மட்டும் நீங்கள் வீட்டில் ஒட்டிக்கொள்ளலாம். புதியவர்களுக்கு இதுதான் என் சிபாரிசு. வெளிப்புற ஒட்டு தொழில் தெரிந்தவர் கையால் ஆகட்டும். உள்தடுப்பில் கொஞ்சம் கோணல் வந்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. எல்லாம் நானேதான் என்றால் பாரிமுனையில் தேவராஜ முதலி தெருவில் கண்ணாடிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

தடுப்புக்கு 5 மி.மீ. கண்ணாடி போதும். மூன்று துண்டு வேண்டும். உள் அகலம் 343 மி.மீ. வரும், தடுப்பை 340-க்கு வெட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றரை மி.மீ. சிலிகான் நிற்க இடம் வேண்டும். இறுக்கமாக வெட்டினால் உள்ளே நுழையாது, நுழைத்தாலும் சிலிகானுக்கு இடம் இருக்காது. வெட்டி முடித்ததும், "அண்ணே, எல்லா முனையும் மழுக்கிக் குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். நாளைக்கு மோட்டாரைக் கழுவ இந்தத் தடுப்புகளுக்கு நடுவேதான் கையை விடப் போகிறீர்கள்.

அக்ரிலிக்கில் தடுப்பு போட்டால் என்ன என்று கேட்பார்கள். கண்ணாடித் தொட்டிக்குள் அக்ரிலிக் வேண்டாம். சிலிகான் அதில் சரியாகப் பிடிக்காது. ஈரத்தில் அக்ரிலிக் வளையவும் செய்யும்.

தடுப்புகளை ஒட்டுவது

மூன்று தடுப்பும் சேர்ந்து நீர்க்குமிழிப் பொறியாக வேலை செய்யும். முதல் தடுப்பு அடியில் ஒட்டியிருக்கும், 9 அங்குல உயரம்; தண்ணீர் அதன் மேல் வழியும். இதுதான் ஸ்கிம்மர் அறையின் நீர்மட்டத்தை எப்போதும் ஒரே அளவில் வைத்திருக்கிறது. நீங்கள் வாங்கப்போகும் ஸ்கிம்மர் எத்தனை அங்குலத் தண்ணீரில் நிற்க வேண்டும் என்று அதன் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். 9 அங்குலம் அதிகம் என்றால் ஸ்கிம்மருக்கு அடியில் ஒரு மேடை வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது தடுப்பு அடியிலிருந்து ஓர் அங்குலம் தூக்கி ஒட்டப்படும், தலை 12 அங்குலத்தில் இருக்கும். தண்ணீர் அதன் அடியில் நுழையும். மூன்றாவது மறுபடி அடியில் ஒட்டியிருக்கும், 8 அங்குலம். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி. தண்ணீர் ஏறி, இறங்கி, மறுபடி ஏறுவதற்குள் குமிழிகள் மேலே போய்விடும். அப்படிப் போகாமல் மோட்டார் வழியாக மேலே ஏறினால், தொட்டி முழுக்கப் பொடிக் குமிழி பறந்துகொண்டிருக்கும்.

சிலிகான் வாங்கும்போது ட்யூபைத் திருப்பிப் படியுங்கள். பாத்ரூமுக்கு என்று விற்கும், பூஞ்சணத் தடுப்பு மருந்து கலந்த சிலிகான் கூடவே கூடாது. அந்த மருந்து தண்ணீரில் கசிந்து உயிர்களைக் கொல்லும். அக்வேரியத்துக்கு என்று போட்டிருப்பதை வாங்குங்கள். திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும், காய்ந்ததும் போய்விடும்.

ஒட்டும் விதம் இது. சம்ப்பின் வெளிப்பக்கத்தில் மார்க்கரால் தடுப்பு நிற்கும் கோடுகளை மூன்று பக்கமும் போடுங்கள். முதல் அறைக்குப் பதினாலரை அங்குலம், பிறகு தடுப்புகள், மிச்சம் மோட்டார் அறை. உள்ளே ஒட்டும் இடத்தையும் தடுப்பின் விளிம்புகளையும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகு விரலால் தொடாதீர்கள். விரலில் இருக்கும் எண்ணெய் பட்ட இடத்தில் சிலிகான் உரிந்து வரும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் 5 மி.மீ. தள்ளி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். தடுப்பின் விளிம்பில் சிலிகானை ஒரே இழுப்பில் இழுத்து, கோட்டின் மேல் நிறுத்தி, கொஞ்சம் அழுத்துங்கள். இரண்டு பக்கமும் பிதுங்கி வரும். இன்னொரு மெல்லிய கோடு இழுத்து, ஈரவிரலால் ஒரே வழிப்பில் வழித்துவிடுங்கள். விட்டுவிட்டு நாலு முறை வழித்தால் அலை அலையாகத் தெரியும். வழித்த கையோடு, மேல் தோல் கட்டுவதற்கு முன்பே, டேப்பைச் சாய்வாக உரித்துவிடுங்கள். ஐந்து நிமிடம் தாமதித்தால் டேப்போடு சிலிகானும் சேர்ந்து இழுபடும்.

நடுத் தடுப்பு அந்தரத்தில் நிற்க வேண்டும் என்பதால், அடியில் ஓர் அங்குலக் கட்டைத் துண்டுகளைப் பிளாஸ்டிக் சுற்றி வைத்து அதன் மேல் நிறுத்துங்கள், மறுநாள் உருவிக்கொள்ளலாம். மூன்றையும் ஒரே நாளில் ஒட்டினால் ஓர் அங்குல இடைவெளிக்குள் விரல் போகாது. நடுத் தடுப்பை முதல் நாளும் மற்ற இரண்டையும் அடுத்த நாளும் ஒட்டுங்கள். வெளிப்பக்கமாக மட்டும் வழித்தால் போதும். பிறகு மூன்று நாள் சும்மா விடுங்கள். முழுத் தொட்டியையும் நீங்களே ஒட்டியிருந்தால் ஒரு வாரம்.

மேல் தொட்டியில் ஓட்டையும் குழாயும்

தொட்டியில் துளை போடாமல், விளிம்பில் தொங்கவிடும் சைஃபன் பெட்டியும் கிடைக்கும். அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கரண்ட் போய் வரும்போது சைஃபனில் காற்று புகுந்துவிட்டால் தண்ணீர் இறங்காது, மோட்டார் மட்டும் ஏற்றிக்கொண்டே இருக்கும். புதுத் தொட்டி வாங்கும்போதே கடையில் பின்கண்ணாடியில் துளை போட்டுத் தரச் சொல்வது நல்லது. கையில் இருப்பது பழைய தொட்டி என்றால் அது டஃப்பன்ட் கண்ணாடியா (சூடாக்கி உறுதியாக்கியதா) என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அதில் டிரில்லை வைத்தால் மொத்தமும் தூள் தூளாகிவிடும்.

துளையில் பொருத்தும் டேங்க் நிப்பிளை முதலில் வாங்கிக்கொண்டு போய், அதை அளந்த பிறகு துளை போடச் சொல்லுங்கள். ஓர் அங்குல நிப்பிள் என்றால் துளை ஓர் அங்குலம் இருக்காது, நிப்பிளின் வெளி விட்டம் அதைவிட நிறையப் பெரிசு. ரப்பர் வாஷர் தண்ணீர் இருக்கும் பக்கம் வர வேண்டும். கையால் முறுக்கி, மேலே கால் சுற்று. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் கண்ணாடியில் விரிசல் விழும்.

துளை எத்தனை? தண்ணீர் கீழே இறங்க இரண்டு குழாய் வையுங்கள். ஒன்று முழுக்க நீர் நிரம்பி ஓடும் சைஃபன் குழாய். அதன் வாய் ஓவர்ஃப்ளோ பெட்டியின் அடியில் இருக்கும், கீழே சம்ப்புக்கு அருகில் ஒரு வால்வு. மற்றது அவசரக் குழாய். அதன் வாய் மேலே இருக்கும், வால்வு எதுவும் கிடையாது, சாதாரணமாக ஒரு சின்ன ஒழுக்கு மட்டும் போகும். முதல் குழாய் அடைத்தால் இரண்டாவது முழுத் தண்ணீரையும் வாங்கிக்கொள்ளும். மீன் வளர்ப்பவர்கள் இதை ஹெர்பி முறை என்பார்கள். ஒற்றைக் குழாயில் காற்றும் நீரும் கலந்து இறங்கும் டர்சோ முறையும் உண்டு. அது இந்த அளவு அமைதியாக ஓடாது, அடைத்தால் மாற்று வழியும் இல்லை. இன்னொரு துளைக்கு ஆகும் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

குழாய்க்கு வெள்ளை யுபிவிசி ஓர் அங்குலம், எல்போ, யூனியன், டெஃப்லான் டேப், சொல்யூஷன். நம் ஊர் ஹார்டுவேர் கடை எதிலும் கிடைக்கும். சம்ப்பை வெளியே எடுத்துக் கழுவ வசதியாக ஒவ்வொரு குழாயிலும் ஒரு யூனியன் போடுங்கள். பித்தளை வால்வு நல்ல உழைப்பு என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். வாங்காதீர்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது. துளி செம்பு போதும், இறாலும் நத்தையும் பவளமும் போய்விடும். வால்வு, ஸ்க்ரூ, கிளிப் எதுவாக இருந்தாலும் உப்புத் தண்ணீரைத் தொடும் இடத்தில் உலோகம் கூடாது. பிளாஸ்டிக் கேட் வால்வு கிடைத்தால் நல்லது, நூல் பிடித்தாற்போல் திருப்பலாம். கிடைக்காவிட்டால் யுபிவிசி பால் வால்வு.

இரண்டு குழாயின் கீழ் முனையும் சம்ப் நீருக்குள் ஓர் அங்குலம் வரைதான் மூழ்க வேண்டும். ஆழமாக விட்டால் குழாய்க்குள் மாட்டிய காற்று வெளியேற முடியாமல் சைஃபன் பிடிக்காது. ரிட்டர்ன் குழாயின் வாய் மேல் தொட்டியில் நீர்மட்டத்தை ஒட்டியே இருக்கட்டும். சிலர் அதைக் கீழே விட்டுவிட்டு, ஒரு சைஃபன் உடைக்கும் சின்னத் துளை போட்டுவிட்டேன், நான்-ரிட்டர்ன் வால்வு வைத்துவிட்டேன் என்பார்கள். துளையைப் பாசி மூடும், வால்வில் சுண்ணாம்பு படியும். இரண்டையும் நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

மோட்டார்

மேல் தொட்டித் தண்ணீர் மணிக்கு மூன்று முதல் ஐந்து முறை சம்ப்பைச் சுற்றி வந்தால் போதும். 190 லிட்டருக்கு மணிக்கு 600 முதல் 950 லிட்டர். பவளத்துக்கு வேண்டிய வேகமான நீரோட்டத்தை மேலே வைக்கும் வேவ் மேக்கர் பார்த்துக்கொள்ளும். அதைச் சம்ப் மோட்டாரிடம் எதிர்பார்த்தால் வீண் சத்தமும் குமிழியும்தான் மிச்சம். ஆனால் பெட்டியில் 1000 லிட்டர் என்று போட்ட மோட்டாரை வாங்கினால் 4 அடி உயரத்துக்கு ஏற்றும்போது அதில் பாதிகூட வராமல் போகலாம். 2000 லிட்டர் வகையில், வேகத்தைக் குறைக்க வசதியுள்ள டி.சி. மோட்டார் வாங்குவது உத்தமம். இன்வெர்ட்டரிலும் குறைந்த மின்சாரத்தில் ஓடும்.

தண்ணீர் விட்டுப் பார்ப்பது

உப்பு, கல், மீன் எதுவும் இல்லாமல், வெறும் குழாய்த் தண்ணீரில் செய்ய வேண்டிய வேலை இது. சம்ப்பைத் தெர்மோகோல் மேல் வைத்து, ரசமட்டம் பார்த்து, விளிம்பு வரை நிரப்பி ஒரு நாள் விடுங்கள். ஒட்டுகளின் மேல் டிஷ்யூ பேப்பரை ஓட்டினால் கசிவு இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு எல்லாக் குழாயையும் மாட்டி, வால்வை முழுக்கத் திறந்து வைத்து மோட்டாரைப் போடுங்கள். முதலில் கொர்ர் கொர்ர் என்று கழிப்பறை போலச் சத்தம் வரும், சம்ப்பில் காற்றுக் குமிழி கொட்டும். வால்வைக் கொஞ்சமாக மூடுங்கள். மேலே ஓவர்ஃப்ளோ பெட்டியில் நீர்மட்டம் மெல்ல ஏறும். இரண்டு நிமிடம் காத்திருந்து இன்னும் கொஞ்சம். ஒரு கட்டத்தில் சத்தம் சட்டென்று அடங்கிப் போகும். குழாய் முழுக்க நீர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் ஒரு பொட்டு மூடினால் பெட்டி நீர்மட்டம் அவசரக் குழாயின் வாயைத் தொட்டு, அதில் நூல் போல ஓர் ஒழுக்கு இறங்கும். அங்கே நிறுத்துங்கள். அந்த ஒழுக்கு இருக்கும் வரை மட்டம் தானே சரிசெய்துகொள்ளும்.

இப்போது மோட்டார் அறையின் 7 அங்குலத்தில் வெளியே ஒரு கோடு போட்டுவிட்டு, பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீர் இறங்கி நின்றதும் அந்த மட்டத்திலும் ஒரு கோடு. பேப்பரில் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். திரும்பப் போடுங்கள், சைஃபன் தானாகப் பிடிக்கிறதா, எவ்வளவு நேரத்தில் என்று பாருங்கள். இதைப் பல முறை செய்யுங்கள். இன்வெர்ட்டர் மாறும்போது வருவது போல ஓரிரு நொடி மட்டும் அணைத்துப் போட்டும் பாருங்கள். அடுத்து, சைஃபன் குழாயின் வால்வை முழுக்க மூடிவிட்டு, அவசரக் குழாய் தனியாகத் தாங்குகிறதா என்று பாருங்கள். கடைசியாக இரண்டு குழாய் வாயையும் துணியால் அடைத்து, மோட்டார் காற்று இழுக்கும் வரை விடுங்கள். மேல் தொட்டி வழிகிறதா? வழியவில்லை என்றால் சம்ப் தயார். வழிந்தால் மோட்டார் அறையின் ஓட்ட மட்டத்தைக் குறையுங்கள், அல்லது மோட்டாரை ஒரு கட்டையின் மேல் ஏற்றுங்கள்.

மின்சாரம்

பிளக் போர்டை சம்ப்புக்கு நேர் மேலே அடிக்காதீர்கள், பக்கவாட்டில், உயரத்தில். ஒவ்வொரு ஒயரும் போர்டுக்குப் போகும் முன் ஒரு வளைவு கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். ஒயர் வழியே ஊர்ந்து வரும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மின்கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் கடல் தொட்டி வைக்கவே வேண்டாம், உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். இன்வெர்ட்டரில் இடம் குறைவு என்றால் வேவ் மேக்கருக்குக் கொடுங்கள். நீர்மட்டம் அசைந்துகொண்டிருந்தால் மீனுக்கு மூச்சு கிடைக்கும்.

தண்ணீரும் உப்பும்

பக்கத்திலேயே காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடல் இருக்கும்போது எதற்குக் காசு கொடுத்து உப்பு வாங்க வேண்டும் என்று வீட்டில் நிச்சயம் கேட்பார்கள். இந்தக் கரையின் தண்ணீர் வேண்டாம். மீன்பிடித் துறைமுகமும், மணலித் தொழிற்சாலைகளும், அனல்மின் நிலையச் சாம்பலும் ஒரு பக்கம். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் பரவியது. ரீஃப் சால்ட் என்று விற்கும் கலவைதான் சரி. சமையல் உப்பு, கல்லுப்பு எதுவும் இதற்கு ஈடாகாது.

கலக்கும் தண்ணீர் ஆர்.ஓ.வும், மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் வடிகட்டியும் தாண்டி வந்ததாக, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டுவதாக இருக்க வேண்டும். வீட்டு ஆர்.ஓ. மெஷினில் ருசிக்காகக் கொஞ்சம் தாது உப்பைத் திரும்பச் சேர்ப்பார்கள். சேர்ப்பதற்கு முன் இருக்கும் குழாயிலிருந்து எடுத்து, ஒரு டி.ஐ. ரெசின் வடிகட்டியை மாட்டிக்கொள்ளுங்கள். கேன் தண்ணீர் ஒவ்வொரு கேனுக்கும் ஒரு மாதிரி இருக்கும், நம்ப முடியாது. காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கி வடசென்னைக்கு அனுப்புகிறார்கள். உப்பை எடுத்து அனுப்பிய தண்ணீரில் நாம் மறுபடி உப்பைப் போடுகிறோம். வேறு வழியில்லை.

மேல் தொட்டியும் சம்ப்பும் சேர்த்து, கல்லுக்கு இடம் கழித்தால் 200 லிட்டர் வரும். ஏழு, ஏழரை கிலோ உப்பு. 35 பி.பி.டி. (கிலோவுக்கு 35 கிராம் உப்பு) அளவை, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். அதற்கென விற்கும் 35 பி.பி.டி. திரவத்தால் அதை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன வைப்பது

முதல் அறையில் குழாய் வந்து விழும் இடத்தில் ஃபில்டர் சாக் (அழுக்கைப் பிடிக்கும் துணிப்பை), அதை அடுத்து ஸ்கிம்மர், ஓரத்தில் துளைகள் நிறைந்த செராமிக் கட்டிகள். மோட்டார் அறையில் மோட்டாரும் ஹீட்டரும். சென்னையில் ஹீட்டர் மார்கழியில் தவிரச் சும்மாதான் கிடக்கும். பாசி வளர்க்கும் ரெஃப்யூஜியம் என்று தனி அறை வைக்கச் சொல்வார்கள். முதல் வருடம் அது வேண்டாம். அந்த இடத்தை மோட்டார் அறைக்குக் கொடுத்தால் கூடுதல் தண்ணீர் நிற்கும்.

மேல் தொட்டிக்குள் அடுக்கும் கல் விஷயத்தில் கவனம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடினப் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை எல்லாம் 2001-லேயே முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த பவளக் கல் என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் தொடாதீர்கள். செயற்கை டிரை ராக் வாங்கி, கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில் பிடிக்க விடுங்கள். கழிவிலிருந்து வரும் நச்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். அதுவரை மீன் கிடையாது.

வெயிலும் ஆவியும்

பவளத்துக்கு 25 முதல் 27 டிகிரி தேவை. அக்னி நட்சத்திரத்தில் வீட்டுக்குள்ளேயே அதைத் தாண்டும். சம்ப்பின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் ஆவியாதலால் இரண்டு டிகிரி இறங்கும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகமான நாட்களில் அதுவும் இறங்காது. ஏ.சி. இல்லாத அறை என்றால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்கு இப்போதே இடமும் பணமும் ஒதுக்கி வைப்பதுதான் நேர்மையான ஆலோசனை.

ஆவியாகிற தண்ணீர் முழுவதும் மோட்டார் அறையில்தான் குறையும். மற்ற மட்டங்களைத் தடுப்புகள் பிடித்துக்கொண்டிருக்கும். ஃபேன் ஓடினால் நாளுக்கு மூன்று லிட்டர் போவது சாதாரணம், அதாவது அந்த அறையில் ஓர் அங்குலத்துக்கு மேல். உப்பு ஆவியாகாது என்பதால் திரும்ப விட வேண்டியது நல்ல ஆர்.ஓ. தண்ணீர் மட்டும்தான். இந்த இடத்தில் உப்புத் தண்ணீரை ஊற்றினால் நாளுக்கு நாள் கரிப்பு ஏறிக்கொண்டே போகும். கையால் ஊற்றுவது அலுத்துவிடும். ஃப்ளோட் வால்வோ தானியங்கிச் சென்சாரோ வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான பக்கெட் 10 லிட்டருக்கு மேல் வேண்டாம். சென்சார் மாட்டிக்கொண்டு பக்கெட் முழுக்க இறங்கினாலும் 200 லிட்டரில் 35 பி.பி.டி. 33-க்குப் பக்கத்தில் போய் நிற்கும், மீன் தாங்கும். 50 லிட்டர் டிரம்மாக இருந்தால் தாங்காது.

ஓட ஆரம்பித்த பிறகு

புது ஸ்கிம்மர் முதல் வாரம் கன்னாபின்னாவென்று நுரைக்கும், இல்லை சும்மா இருக்கும். அதை நோண்ட வேண்டாம். கரண்ட் வந்த உடனேயும் நீர்மட்டம் ஏறியிருப்பதால் கப் பொங்கும். ஸ்கிம்மரை மட்டும் பத்து நிமிடம் தாமதமாகப் போடும் டைமர் பிளக் கிடைக்கும். ஃபில்டர் சாக்கை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், சோப்பு போடாமல் அலசிக் காயவையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மோட்டாரைப் பிரித்து, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்த பக்கெட்டில் ஓடவிட்டால் படிந்த சுண்ணாம்பு கரைந்துவிடும். அன்றைக்கே, எல்லாம் மாட்டி முடித்ததும் பிளக்கை ஒரு முறை பிடுங்கி, தண்ணீர் அந்தப் பழைய கோட்டில் வந்து நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கோட்டுக்கு மேலே ஏறினால் ரிட்டர்ன் வாய் கீழே சாய்ந்திருக்கிறது, அல்லது ஊற்றிய தண்ணீர் அதிகம்.